தோத்தது 9, ஆனா கணக்கு பிளஸ் 63

இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால். 2021 நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி: 12 மேட்ச்ல 3 வெற்றி, 9 தோல்வி. ஆனா சீசன் முழுக்க எடுத்த பாயிண்ட் 335, விட்டுக்கொடுத்தது 272. பிளஸ் 63!

எப்படி? ஜெயிச்ச மூணுலயும் அடிச்சு நொறுக்கிட்டாங்க: 52-7, 28-3, 56-7. அங்கேயே பிளஸ் 119. தோத்ததெல்லாம் மயிரிழையில. மிச்சிகன்கிட்ட 32-29. ஒஹையோ ஸ்டேட்கிட்ட 26-17, அதுதான் இருக்கிறதுலயே பெரிய தோல்வி. ஒன்பதையும் கூட்டினா மைனஸ் 56தான்.

மொத்தக் கூட்டலைப் பார்த்தா நல்ல டீம். ஆனா டேபிள்ல ஏறுறது வெற்றி மட்டும்தான். டேஷ்போர்டுல சராசரியைப் பார்த்து நானும் இப்படி ஏமாந்திருக்கேன்.

கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட்டுக்கு இன்னொரு சீசன் கொடுத்தாங்க. 2022 செப்டம்பர்ல, மூணே மேட்ச் முடிஞ்சதும் வேலை போச்சு. அதுல தோத்த ரெண்டுமே 3 பாயிண்ட்லதான்.