தேயிலையும் உழைப்பும்: ஒட்சியேற்ற எதிரிகள் பற்றிய ஒரு குறிப்பு

தேநீரிலுள்ள ‘ஒட்சியேற்ற எதிரிகள்’ உடற்பயிற்சியால் விளையும் கேட்டினைத் தணிப்பன என்ற கூற்று, இன்று தேயிலை வணிகத்தின் விளம்பர மொழியாகிவிட்டது. அத்தேயிலை விளையும் ஹட்டன் மலைகளில் நின்று இக்கூற்றினை நோக்குதல் அவசியமாகும்.

தசைகள் கடுமையாக இயங்கும்போது, தாக்குதிறன் மிக்க சுயாதீன மூலிகங்கள் உடலிற் பெருகுகின்றன. களைத்துப்போகும்வரை ஓடவிடப்பட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் இவை இரண்டு மூன்று மடங்காகப் பெருகியமையை 1982இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். உடலின் தற்காப்பு இவற்றுக்கு ஈடுகொடுக்க இயலாத நிலையே ஒட்சியேற்ற நெருக்கீடு எனப்படும்.

கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பல்பீனோல்களாகும். அவற்றுள் தலையாயவை கற்றெச்சின்கள். தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, காற்றுப்பட விடப்படும் கொழுந்தில், இலையின் நொதியமே இவற்றைத் தியாபிளேவின், தியாறுபிஜின் என்பனவாக மாற்றுகின்றது. இவையனைத்தும் சோதனைக் குழாயில் மூலிகங்களைத் தணிக்கின்றன. ஆயின் குடலில் உறிஞ்சப்படுவது சிறு பகுதியே. மேலும், விற்றமின் சி, ஈ ஆகியவற்றை மிகுதியாக உட்கொண்டோரிடம் உடற்பயிற்சியின் நற்பயன்கள் சில தோன்றாமையை 2009இல் ஜேர்மனிய ஆய்வொன்று வெளிப்படுத்தியது. மிதமான மூலிகப் பெருக்கம் உடலின் சொந்தத் தற்காப்பைத் தூண்டும் சமிக்ஞையாகவும் அமைகின்றது என்பதே இதன் பொருள்.

அவ்வாறாயின் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலை யாது? பயிற்சியின் அளவைப் பயில்வோர் தீர்மானிக்கின்றனர். அதன்பின் ஓய்வும் உணவும் உண்டு. உழைப்பின் அளவையோ கொழுந்து நிறுக்கும் தராசு தீர்மானிக்கின்றது. தசைக்கு இரண்டும் இயக்கமே. சமூக உறவில் இரண்டும் வேறு.

இங்கு ஒரு முரண்பாடும் உளது. உணவோடு அருந்தும் தேநீரின் பல்பீனோல்கள், தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. குருதி ஒட்சிசனைச் சுமப்பதற்கு இரும்பு வேண்டும். உடலின் சொந்த ஒட்சியேற்ற எதிரியான கற்றலேசு நொதியத்திற்கும் அது வேண்டும். ரொட்டியும் தேநீருமே உணவாகும் லயத்தில், விளம்பரம் போற்றும் அதே பொருள் குருதிச்சோகைக்குத் துணைபோகக்கூடும். உணவுக்கு ஒரு மணிநேரத்தின் பின் தேநீர் அருந்துவதும், கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்ப்பதும் ஓரளவு உதவும்.

ஆயினும் கீரையும் மீனும் முட்டையும் சம்பளத்தாலேயே வாங்கப்படுகின்றன. 2015 முதல் கோரப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளம் 2021இலேயே வர்த்தமானியில் வெளிவந்தது. அதற்குள் விலைவாசி அதனை விழுங்கத் தொடங்கியிருந்தது. உழைக்கும் உடலின் முதற் பாதுகாப்பு போதிய உணவும் ஓய்வுமே. அவற்றைக் கோப்பைத் தேநீரால் ஈடுசெய்ய இயலாது.