மூடிய அண்டாவும் 1977 தேர்தலும்

சேலம், நாமக்கல் பக்கம் கோயில் விருந்துக்குச் சோறு வடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விறகடுப்பு, பெரிய அண்டா, மேலே தட்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அண்டாவில் அது பல நேரம் பலிக்காது; மூடியும் தீயும் ஏமாற்றிவிடும். 1977 மார்ச் தேர்தலில் பிரதமர் இந்திரா காந்தி தோற்றபோது நாடே வாய்பிளந்ததும் இதே காரணத்தால்தான்.

முதலில் மூடி. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்துப் பேசினால் மிசா சட்டத்தில் சிறை. மூடி போட்டால் பந்தியில் இருப்பவருக்குத்தான் உள்ளே நடப்பது தெரியாது என்று நினைப்போம். சமையல்காரருக்கே தெரியாமல் போவதுதான் வினை. அவர் கோபக்காரர் என்றால், பதம் பார்க்கும் ஆள் நன்றாக வெந்த நாலு பருக்கையைப் பொறுக்கி வந்து காட்டுவான். வெற்றி உறுதி என்றே பிரதமருக்கு அறிக்கைகள் போயின என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1977 ஜனவரி 18 அன்று அவர் தேர்தலை அறிவித்தார்.

அடுத்து தீ. விறகு ஒரு பக்கமாகவே எரிந்தால் அங்கே அடிப்பிடிக்கும், எதிர்ப்பக்கம் அரிசி அரிசியாகவே கிடக்கும். வடக்கே கட்டாயக் கருத்தடை ஊர் ஊராகக் கொதித்தது. 1976-77இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். நம் பக்கமோ, 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்படும் வரை சூடு குறைவு. அதன்பின் திமுகவினர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் சென்னைச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு உயிரையே இழந்தார். ஆனால் அந்தச் சூடு கட்சிக்காரர்களைச் சுட்ட அளவுக்குக் கரும்புக் காட்டுக்காரரைச் சுடவில்லை. போதாததற்கு எம்.ஜி.ஆரின் அதிமுக இந்திராவோடு கூட்டணி.

பிறகு மூடி லேசாக நகர்ந்தது. பிப்ரவரி 2 அன்று மூத்த அமைச்சர் ஜகஜீவன் ராம் விலகினார். உள்ளே இருந்தவரே வெளியே வந்தாரா, பார்த்தவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. டெல்லியில் அவர் பேசிய கூட்டத்தன்று தூர்தர்ஷன் 'பாபி' என்ற இந்திப் படத்தைப் போட்டது, அப்படியும் கூட்டம் குறையவில்லை.

கடைசியில் தட்டைத் திறந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் 85, பீகாரில் 54 தொகுதிகள். காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. ரேபரேலியில் இந்திராவே 55,000 ஓட்டுக்கு மேல் பின்தங்கித் தோற்றார். டெல்லி பகதூர்ஷா ஜாபர் மார்க்கில் பத்திரிகை அலுவலகங்களின் முன் இரவில் கூடிய கூட்டம், முடிவுப் பலகையில் காங்கிரஸ் தோற்ற ஒவ்வொரு முறையும் ஆரவாரித்தது. அது வெறும் வெற்றிக் களிப்பு அல்ல என்பது என் கணிப்பு. ஏறக்குறைய இருபத்தொரு மாதங்களாக, நாம் மட்டும்தான் கருகினோம் என்று நினைத்திருந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரரும் கருகியிருக்கிறார் என்று அன்றுதான் கண்டார்கள்.

தமிழ்நாட்டிலோ 39இல் 34 இடங்கள் அதிமுக–காங்கிரஸ் அணிக்கு. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு மூன்றும் அந்த அணி பக்கமே நின்றன. ஆக, ஜெயித்தும் தோற்ற கட்சிக்காரர்களாக நம்மவர்கள் முடிவைக் கேட்டார்கள்.

அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், அதிமுகவின் இரட்டை இலைக்கா, காங்கிரசின் பசு–கன்றுக்கா, வேறெதற்கா குத்தினார், எதற்காக என்று கேட்டு எழுதி வையுங்கள்.