பச்சிளங் குழவியின் மூக்கடைப்பும் மனைக் காப்பும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் காப்புப் பருவத்தையே முதற்கண் வைத்தனர். குழவி தலை நிமிர்த்துவதும் தளர்நடை பயில்வதும் பின்னர் நிகழ்வன. அதன் உயிரைக் காத்தலே முன்னர் வேண்டப்படுவது. அவ்வுயிர் மூச்சின்கண் நிற்பது. அம்மூச்சுச் செல்லும் வழியோ பிறந்த பிள்ளைக்கு மிகச் சிறியது. அவ்வழி சளியால் அடைபடும்பொழுது மனையிலுள்ளோர் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது, வைத்தியரை நாடவேண்டிய காலம் யாது என்னும் மூன்றினையும் மட்டக்களப்பு வாவிக்கரை வாழ்வோடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் இல்லமும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்பால் எழுவான்கரையும் மேல்பால் படுவான்கரையும் அமைந்துள்ளன. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று மழையைக் கொணர்கின்றது. அக்காலத்திற் கதவும் சாளரமும் அடைபட்டிருக்கும். அடுப்புப் புகையும் நுளம்புத்திரிப் புகையும் அறைக்குள்ளே தங்கும். ஒருவருக்கு உண்டான தடிமன் மற்றையோருக்கும் எளிதிற் பரவும். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றோ மலைநாட்டில் ஈரத்தை இழந்து, வெம்மையோடு கீழ்க்கரையை அடைவது. அது மூக்கின் நீரை உலர்த்திப் பொருக்காக்க வல்லது. இவ்வாறு மூக்கடைப்பு மழைக்கும் கோடைக்கும் பொதுவாகின்றது.

மகள் மணமுடித்த பின்னரும் தாய்மனையிலோ அதன் அயலிலோ வாழ்தல் இப்பகுதியின் நெடுநாள் வழக்கு. குடிமரபும் தாய்வழியே செல்வது. ஆதலின் பிறந்த பிள்ளைக்கு அம்மம்மாவே முதல் வைத்தியராகின்றார். அவர் சொல்லை மீறி இளந்தாய் ஒன்றும் செய்யத் துணியாள். எனவே இதுபற்றிய அறிவு இளந்தாய்க்கு மட்டுமன்றி அம்மம்மாவுக்கும் எட்டுதல் இன்றியமையாதது.

மூக்கின் இயல்பு

பிறந்த பிள்ளை முதற் சில மாதங்கள் பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சுவிடும். அதன் குரல்வளை உயரத்தில் அமைந்திருத்தலால் பாலருந்திக்கொண்டே மூச்சுவிடவும் இயல்கின்றது. மூக்கு அடைபட்டால் இவ்விரு தொழில்களும் முரண்படும். பிள்ளை மார்பைப் பற்றும், விடும், அழும், மீண்டும் பற்றும். இதனைப் பால் போதாமை என்றும் வயிற்றுவலி என்றும் மயங்குவோர் பலர்.

சிறிதளவு சளி பெருந்தொல்லை தருவதற்குக் காரணம் பௌதிகவியலில் உளது. ஒரு குழாயினூடே சீராகச் செல்லும் காற்றுக்கு, அதன் ஆரம் பாதியாகக் குறையின் தடை 16 மடங்காகும். வளர்ந்தவர் உணராத மெல்லிய வீக்கமும் பிள்ளையின் சிறு துளையில் ஒலி எழுப்புவது இதனாலேயே. ஆயினும் ஒலி மட்டும் நோயன்று. நன்கு பால் குடித்து, அமைதியாக உறங்கி, நல்ல நிறத்தோடிருக்கும் பிள்ளையின் மூக்கிற் சிறு ஒலி கேட்பின் அஞ்சவேண்டுவதில்லை. தும்மலும் தடிமனுக்கு அறிகுறியாதல் வேண்டும் என்பதில்லை. மூக்கைத் தானே துப்புரவு செய்யும் இயற்கையின் வழி அது.

செய்யத்தக்கன

முதன்மையான மருந்து உப்பு நீரே. கடல்நீர் 1 லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வாவிநீரின் உவர்ப்போ முகத்துவாரம் திறத்தலுக்கும் அடைபடுதலுக்கும் ஏற்ப மாறுவது. உடலின் நீர்மத்தோடு ஒத்த உப்பு நீரில் 1 லீற்றருக்கு 9 கிராமே இருத்தல் வேண்டும். மிகுந்த உப்பு மூக்கின் மென்தோலை எரிக்கும். இவ்வளவில் அமைந்த நீரோ எரிவின்றிச் சளியை இளக்கும். மருந்தகங்களில் கிடைக்கும் கிருமியகற்றிய உப்பு நீரே சாலச் சிறந்தது. அது கிட்டாவிடின், கொதிக்கவைத்து ஆறிய அரை லீற்றர் நன்னீரில் ஒரு தேக்கரண்டி மட்டத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது நாலரைக் கிராம் அளவில், தூய உப்பைக் கரைத்து மூடிவைக்கலாம். ஒரு நாளின் பின் அதனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆக்கல் வேண்டும். கொதிக்காத கிணற்றுநீரும் வாவிநீரும் கடல்நீரும் இதற்கு ஆகா.

கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, ஒவ்வொரு நாசியிலும் இரண்டு துளி விடுக. ஒரு நிமிடம் பொறுத்து, வெளிவரும் சளியை ஈரமான மென்துணியால் ஒற்றி எடுக்க. பெரும்பாலும் இதுவே போதும். சளி மிகுந்திருப்பின் இறப்பர்க் குமிழ் உறிஞ்சியைப் பயன்படுத்தலாம். குமிழை முன்னரே அழுத்திக் காற்றை வெளியேற்றி, நுனியை நாசியின் வாயிலில் மட்டும் பொருத்தி, மெல்லக் கையைத் தளர்த்துதல் வேண்டும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்னர் இதனைச் செய்தல் நன்று. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறைக்கு மேற் செய்தால் மூக்கின் உட்புறம் புண்பட்டு வீங்கி, அடைப்பே மிகும்.

தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக, அடுத்தடுத்துக் கொடுத்தல் வேண்டும். அஃது உணவாகவும் நீராகவும் நோயெதிர்ப்பாகவும் பயன்படுவது. அதனை மூக்கில் விடுவதோ வேண்டாதது. உறைந்த பால் தானே பொருக்காகி அடைக்கவுங்கூடும். உறங்கும்பொழுது தலையணை கொண்டு தலையை உயர்த்தல் கூடாது. ஏணையில் உடல் வளைந்து நாடி நெஞ்சிற் படுமாயின் மூச்சுவழி மேலும் ஒடுங்கும். ஆதலின் சமனான உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்தலே தக்கது.

செய்யத்தகாதன

பழைய வழக்குகள் யாவும் தள்ளத்தக்கன அல்ல. துடக்குக் காலத்திற் பிள்ளையைப் பலர் கையிற் கொடாது வீட்டுக்குள் வைத்திருந்தமை நல்லதொரு காப்பே. வளர்ந்தவருக்கு வெறுந்தடிமனாகத் தோன்றும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரசுகள் பச்சிளங் குழவியின் நுரையீரலைத் தாக்குவன. தடிமன் உள்ளவர் பிள்ளையை முத்தமிடாதிருத்தல் மருத்துவமும் ஏற்கும் நெறி. தாய்க்குச் சரக்குக் கறி ஆக்கிக் கொடுத்தலிலும் குற்றமில்லை; அச்சரக்கைப் பிள்ளைக்கு உரைத்துப் புகட்டுதலே ஆகாது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும்.

மூக்கில் எண்ணெய் விடுதல் இவ்வழக்குகளுள் மிகவும் ஆபத்தானது. எண்ணெய் இதமானது, அது யாது செய்யும் என்று வினவுவர். அதன் இதமே தீங்குக்குக் காரணம். நீர் மூச்சுக்குழலிற் புகின் இருமல் எழுந்து வெளியே தள்ளும். எண்ணெயோ இருமலை எழுப்பாது நழுவி நுரையீரலை அடைந்து அங்கேயே தங்கும். அதனால் உண்டாகும் ஒருவகை நியுமோனியா ஆறுவதற்கு நெடுநாட் செல்லும். உச்சியில் எண்ணெய் தடவி நீராட்டுவோர் அதனை மூக்கிலும் விடாதிருத்தல் வேண்டும்.

சாம்பிராணிப் புகை, வேப்பிலைப் புகை, சுருட்டுப் புகை ஆகிய யாவும் மூக்கின் தோலை வீங்கச் செய்வன. மணம் நன்றாயினும் புகை புகையே. கற்பூரமும் யூகலிப்டசு எண்ணெயும் கலந்த களிம்புகளைப் பச்சிளங் குழவியின் மூக்கிலோ மார்பிலோ பூசுதல் மூச்சையே தடுக்கக்கூடும். கொதிநீர் ஆவி பிடித்தலாற் சுட்டுப் புண்ணாதல் உண்டு. வாயினாற் சளியை உறிஞ்சி எடுப்பவர் தம் வாயின் கிருமிகளைப் பிள்ளைக்குக் கொடுத்தவராவர். வளர்ந்தோருக்குரிய மூக்குத் துளி மருந்துகளும் இருமல் பாணிகளும் வைத்தியர் சொல்லாது கொடுக்கத்தக்கன அல்ல.

வைத்தியரை நாடுங் காலம்

மூக்கடைப்பும் மூச்சுத்திணறலும் வேறு வேறாவன. இவ்வேறுபாட்டை அறிதலே மனைக் காப்பின் உயிர்நாடி. அமைதியாகக் கிடக்கும் பிள்ளையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுக. இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்கு அஃது 60 அல்லது அதற்கு மேலாயின், மீண்டும் ஒருமுறை எண்ணுக. அப்பொழுதும் அவ்வாறே இருப்பின் அது நோய்க்குறி. விலாவின் கீழ்ப்புறம் உட்குழிதல், நாசி விரிதல், ஒவ்வொரு மூச்சிலும் முனகல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், உதடு நீலமாதல், வழமையிற் பாதியளவு பாலும் குடியாமை, எழுப்பவும் எழாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதித்தல் தகாது. 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும், உடல் சில்லிட்டுப் போதலும் அத்தகையனவே. அமைதியாக இருக்கையில் நீலமாகி, அழும்பொழுது சிவக்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்வழி பிறவியிலேயே மூடியிருத்தல் கூடும். அழுகையில் வாய் திறத்தலாலேயே அதற்குக் காற்றுக் கிடைக்கின்றது. குறைமாதத்திற் பிறந்த பிள்ளைக்குச் சிறு குறி தோன்றினும் விரைந்து காட்டுதல் வேண்டும்.

முன்னாளிற் படுவான்கரையார் நோயாளரோடு தோணித்துறையிற் காத்திருக்க நேர்ந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் நகரத்து வைத்தியசாலை அணித்தாயிற்று. 2016இல் இலங்கையில் தொடங்கிய 1990 அவசர ஊர்திச் சேவை கட்டணமின்றிக் கிடைப்பது. பிரசவத்தின் பின் வீடு தேடிவரும் குடும்பநல மாதுவிடம் மூச்செண்ணும் முறையையும் உப்பு நீர் விடும் முறையையும் அம்மம்மாவும் மகளும் ஒருங்கே இருந்து கேட்டறிதல் பெரும்பயன் தரும். உப்பு நீரும் தாய்ப்பாலும் தூய கையும் புகையற்ற அறையும் வாய்த்த இடத்துப் பெரும்பாலான மூக்கடைப்புகள் சில நாட்களிற் தாமே நீங்கும். அவற்றால் நீங்காத சிலவற்றைக் காலத்தே இனங்கண்டு வைத்தியரிடம் சேர்ப்பித்தலும் மனைக் காப்பின் ஒரு கூறேயாம்.