மலைமடிப்பில் ஒளிந்த கோட்டையும் அதன் காலடியில் ஒரு சந்தையூரும்

செக் நாட்டில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையில் ஓர் ஊர்வகை உண்டு. சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சந்தை கூட்டும் உரிமையை முற்காலத்தில் பெற்ற ஊர்கள் அவை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் மறைந்துபோன அந்தத் தகுதியை 2006-இல் சட்டம் மீட்டுக் கொடுத்தது. அப்படி ஓர் ஊர்தான் கார்ல்ஷ்டெய்ன். பிராகுக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு. மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது.

இவ்வூரைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது பாறையை. பெரோவுன்கா ஆறு இங்கே சுண்ணாம்புக்கல் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலடியாக இருந்தது; பாறையைப் பிளந்தால் அக்காலக் கடலுயிர்களின் படிவங்கள் கிடைக்கும். புவியியல் காலத்தில் சிலூரியன் முடிந்து டெவோனியன் தொடங்கும் எல்லைக்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட அடையாள இடமான க்ளோன்க் குன்றும் இதே சுண்ணாம்புப் பிரதேசத்தில்தான் இருக்கிறது.

ஆற்றிலிருந்து பிரியும் ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் வீடுகள் வரிசையாக ஏறிச் செல்கின்றன. அதற்கு மேலே, பாறை முகட்டில் கோட்டை. இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவின் மன்னரும் பின்னர் புனித ரோமப் பேரரசருமான நான்காம் சார்லஸ் 1348-இல் இதற்கு அடிக்கல் நாட்டுவித்தார். பிராகில் பல்கலைக்கழகத்தை நிறுவியதும் அதே ஆண்டில்தான். சுற்றிலும் இதைவிட உயர்ந்த குன்றுகள் நிற்பதால் தொலைவிலிருந்து பார்த்தால் கோட்டை தெரியாது. நாட்டைக் கண்காணிக்க நினைக்கும் அரசர் இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கமாட்டார். சார்லஸுக்கு வேண்டியிருந்தது பூட்டி வைக்க ஓர் இடம். புனித ரோமப் பேரரசின் மணிமுடியும் புனிதச் சின்னங்களும் இங்கேதான் இருந்தன.

கோட்டையின் அமைப்பே இதைச் சொல்கிறது. கீழே பணியாளர் பகுதியும் கிணறும், அடுத்து அரசர் மாளிகை, அதற்கு மேல் மரியாள் கோபுரம், எல்லாவற்றுக்கும் உச்சியில் பெரிய கோபுரம். அந்தக் கோபுரத்துக்குள் இருப்பது புனிதச் சிலுவைச் சிற்றாலயம். சுவரில் பளபளப்பாக்கிய மணிக்கற்கள், பொன் பூசிய வளைகூரை, ஓவியர் தெயோடோரிக்கும் அவருடைய பட்டறையும் மரப்பலகைகளில் தீட்டிய 129 புனிதர் படங்கள். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டு விட்டுச்சென்ற அறைகளில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம் என்றே நினைக்கிறேன்.

கிணற்றின் கதை தனி. ஏறக்குறைய 80 மீட்டர் தோண்டியும் ஊற்று அகப்படவில்லை. அருகிலிருந்த ஓடையிலிருந்து நிலத்தடி வாய்க்கால் வெட்டித்தான் அதில் நீர் நிரப்பினார்கள். அந்த வாய்க்கால் பகைவருக்குத் தெரிந்தால் கோட்டைக்கே ஆபத்து.

1422-இல் செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் வழிவந்த ஹுஸைட் படையினர் கோட்டையைப் பல மாதங்கள் முற்றுகையிட்டார்கள். கல்லோடு சாணத்தையும் செத்த விலங்குகளையும் உள்ளே வீசி நோய் பரப்பப் பார்த்தார்கள். கோட்டை பணியவில்லை. ஆனாலும் பேரரசின் மணிமுடி அதற்கு முன்பே வேறிடம் போய்விட்டது. பொஹீமிய அரசின் மணிமுடி 1619 வரை இங்கே காவலில் இருந்தது. பிறகு போர்களிலும் கவனிப்பின்மையிலும் கோட்டை தேய்ந்தது.

இன்று படங்களில் நாம் காணும் செங்குத்தான கூரைகள் யோசெஃப் மொக்கர் என்ற கட்டடக்கலைஞர் 1887 முதல் 1899 வரை நடத்திய புதுப்பிப்பின் விளைவு. இடைக்காலத்தை அவர் கற்பனையில் கண்டபடி கட்டினார் என்ற குறை இன்றும் உண்டு. அது நியாயமான குறைதான். ஆனால் அவர் கைவைத்திராவிட்டால் சுவர்களில் பெரும்பகுதி நமக்கு மிஞ்சியிருக்குமா என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஊருக்கு வருவோரில் பெரும்பாலோர் ரயிலில் வருகிறார்கள். பிராகிலிருந்து பில்சன் செல்லும் இப்பாதை 1862-இல் திறந்தது. நிலையம் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. பாலத்தைக் கடந்து, கடைத்தெரு வழியே மேடேறி நடக்க வேண்டும். திராட்சைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. செப்டம்பர் இறுதியில் அறுவடை விழா நடக்கும்.

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண நுழைவுச்சீட்டு சிற்றாலயத்துக்குச் செல்லாது. அங்கே சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள், குளிர்காலத்தில் திறப்பதுமில்லை. ஆகவே முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.