பிற்கலப்பும் வெள்ளந் தாங்கும் நெல்லும்

பல்லாண்டு பழகிய நெல்லொன்று விளைவிற் குறைவற்றது. ஆயினும் அதன்கண் ஒரேயொரு குறை உண்டெனக் கொள்வோம். நெல்லைக் கைவிடாது அக்குறையை மட்டும் களைவது எங்ஙனம்? பயிரின விருத்தியாளர் இதற்குக் கையாளும் முறையே பிற்கலப்பு எனப்படும். 1922இல் ஹார்லன், போப் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தானியப் பயிர்களுக்கு இதன் பயனை எடுத்துரைத்தனர். தமிழாசிரியராகிய எமக்கு இத்துறையிலுள்ள உரிமை சோறுண்ணும் உரிமையொன்றே. எனினும் அறிந்தவற்றைக் கூறுவாம்.

இந்தியாவின் கீழ்த்திசை மாநிலங்களிற் பெரிதும் பயிராவது சுவர்ணா என்னும் நெல். விளைவு மிக்கது, ஆனால் வெள்ளம் பயிரை முற்றாக மூடி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் அழிந்துபோம். ஒடிசாவின் பழைய நெல்லொன்றிலிருந்து தெரிந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்பதோ இரு வாரம் வரை மூழ்கியும் பிழைக்கும். ஏனைய நெற்கள் நீருக்குமேல் எழ முயன்று தம் சேமிப்பைச் செலவிட்டு மடிய, இது வளர்ச்சியை அடக்கி உணவைக் காத்து, நீர் வடிந்தபின் தளிர்க்கும். எனினும் விளைவு குறைந்தது, உழவர் விரும்பாதது. நமது நாட்டுக் குர்கறுப்பன், தவலு முதலியனவும் இத்தகைய ஆற்றலுடையனவென ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர்.

இரண்டையும் ஒருமுறை கலந்தாற் பிறக்கும் பயிர் பாதி சுவர்ணா, பாதி மற்றையது. அதனை மீண்டும் சுவர்ணாவுடனேயே கலக்க, சுவர்ணாவின் பங்கு 75 வீதமாகும். அடுத்த முறை 87.5, பின் 93.75, ஆறாம் முறை 99.2. ஒவ்வொரு தலைமுறையிலும் வெள்ளந் தாங்கும் பரம்பரையலகு உள்ள பயிரையே தெரிதல் வேண்டும். தவறின் நாடிய குணமே கழுவுண்டு போம். மேலும், இக்கணக்குச் சராசரியே. அவ்வலகின் இருமருங்கும் ஒரே நிறமூர்த்தத்தில் அமைந்த அலகுகள், விருந்தினனுடன் வரும் சுற்றம்போல ஒட்டி வரும், எளிதில் நீங்கா.

முன்னர், எப்பயிர் தாங்கும் என்றறிய நாற்றை நீரில் அமிழ்த்திப் பார்த்தனர். 1996இல் அவ்வலகின் இடம் 9ஆம் நிறமூர்த்தத்தில் எனக் கண்டு, அதற்குச் சப்1 எனப் பெயரிட்டனர். அதன்பின் இலைத்துண்டொன்றைச் சோதித்தே நாற்றைத் தெரிய முடிந்தது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், எஃப்.ஆர். 13ஏயின் வழித்தோன்றலொன்றைக் கொண்டு, இரண்டு மூன்று பிற்கலப்புகளிலேயே பணியை முடித்தனர்.

முடிவில் ஒரு படி உண்டு. அதுவே முதன்மையானதென்பது எம் கருத்து. பிற்கலப்புப் பயிரில் அவ்வலகு ஒரு பெற்றோர் வழியே மட்டும் வந்திருக்கும். அதன் விதைகளுட் சில தாங்கும், சில தாங்கா. ஆகவே அதனைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, இருவழியும் அவ்வலகு பெற்றுப் பிறக்கும் நான்கிலொரு பங்கைப் பிரித்தெடுப்பர். அன்றேற் தன் விளைவிலிருந்தே விதை வைக்கும் உழவன் அடுத்த வெள்ளத்தில் ஏமாறுவான்.

சுவர்ணா-சப்1, 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. வெள்ளமில்லா ஆண்டில் அது சுவர்ணாவைப் போலவே விளைந்தது. உமியின் நிறம் மட்டும் மாறிற்று: சப்1ஐ அடுத்திருந்த அலகொன்று உடன்வந்தமையாற் பொன்னிறம் போய் வைக்கோல் நிறமாயிற்று. சுவர்ணா என்பதன் பொருள் பொன்.