டிராகனை மடக்குவது எப்படி? ஆடு புலி ஆட்டத்திலிருந்து ஒரு குறிப்பு

குற்றால சீசனுக்கு சுரண்டை வந்திருந்த மருமகன் (அக்கா பையன், பெங்களூரில் காலேஜ்) முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். கேட்டால், "டிராகன் எங்க நாலு பேரையும் ரெண்டே ரவுண்டுல முடிச்சிட்டு மாமா. எட்டு மாசமா வளர்த்த கேரக்டர்" என்றான்.

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் உருவாக்கி வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

"சண்டையில எப்படி நின்னீங்க?"

"ஒண்ணா சேர்ந்துதான் மாமா. ஒருத்தருக்கொருத்தர் பாதுகாப்பா."

எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. திண்ணையில் கரிக்கட்டையால் கோடு போட்டு, புளியங்கொட்டை 15 ஆடு, கூழாங்கல் 3 புலி. நான் எப்பவும் புலி. எப்பவும் தோற்பேன்.

விதி தெரியாதவர்களுக்கு: கட்டத்தில் 23 புள்ளிகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். 15-ம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் குதித்து வெட்டும். ஆட்டால் புலியை வெட்டவே முடியாது. எல்லாப் புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயிக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு. ஆடு எதுவும் சாகாமல் இறங்கிவிட்டால் 15 + 3 = 18. காலி இடம் வெறும் 5. ஒரு ஆடு செத்தால் 6. அதாவது இழப்பு ஆட்டோடு முடியவில்லை, புலிக்கு ஓடுவதற்கு ஒரு இடமும் கூடுகிறது. ஆச்சி புலியை அடிக்கப் பார்த்ததே இல்லை. காலி இடத்தை மட்டும்தான் எண்ணுவாள்.

டிராகனுக்கும் இதே கேள்விதான்: அதனிடம் மிச்சமிருக்கும் வழிகள் எத்தனை? ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்புத்தகத்தில் வளர்ந்த சிவப்பு டிராகனை எடுத்துக்கொண்டேன். உயிர்ப்புள்ளி 256. சும்மா வெட்டிக்கொண்டே இருந்தால் தீராது.

அதன் நெருப்பு மூச்சு 60 அடி நீளக் கூம்பு, 18 பகடை, சராசரி 63. பத்தாம் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி பெரும்பாலும் 62 பக்கம்! சேர்ந்து நின்ற நாலு பேரும் ஒரே மூச்சில் அடிவாங்குகிறார்கள்.

ஆடு புலியில் சேர்ந்து நிற்பதுதான் பாதுகாப்பு, ஏன்னா பின்னால் ஆள் இருந்தால் புலி குதிக்க முடியாது. டிராகனிடம் அதே சேர்க்கைதான் சாவு. அடி எந்த வடிவத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நிற்கும் இடத்தை முடிவு பண்ணணும்.

மருமகனுக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

1. பரவி நில்லுங்க. ஒரு கூம்புக்குள் ரெண்டு பேருக்கு மேல் சிக்கக்கூடாது.

2. நெருப்பைப் பாதியாக்கும் பாதுகாப்பு மந்திரத்தை முதலிலேயே போடுங்க. 63 என்பது 31 ஆகும். மூச்சு ஒருமுறை விட்டால், ஒவ்வொரு முறையும் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் திரும்ப வரும். அந்த இடைவெளிதான் உங்க நேரம்.

3. பறக்கும் இடத்தை எடுத்துடுங்க. வெட்டவெளியில் வேண்டாம், கூரை தாழ்ந்த குகைக்குள் இழுங்க.

4. பெரிய மந்திரத்தை முதலில் போடாதீங்க. தன்மேல் பலித்த மந்திரத்தை நாளுக்கு 3 முறை 'பலிக்கவில்லை' என்று தள்ளிவிடும் சலுகை அதற்கு உண்டு. சின்ன மந்திரங்களைக் காவு கொடுத்து அந்த மூன்றையும் செலவழிக்க வைங்க. ஆச்சி மூலையில் ஒரு ஆட்டை விட்டு என் புலியை இழுத்தது இதற்குத்தான்.

5. விழுந்தவனை உடனே எழுப்புங்க. டிராகன் தன் முறை போக, மற்றவர்கள் முறை முடியும்போதும் மொத்தம் 3 செயல் செய்யும். நாலு பேர் மூணு பேர் ஆனால், காலி இடம் 5 என்பது 6 ஆன மாதிரிதான்.

அன்று ராத்திரி தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். அவன் புலி, நான் ஆடு. 4 ஆட்டைப் பறிகொடுத்துத் தோற்றேன். ஆச்சி அளவுக்குப் பொறுமை எனக்கு வரவில்லை. அடுத்த மாதம் புது கேரக்டர்களோடு அதே டிராகனிடம் போகிறார்களாம். இந்தத் தாளை அவன் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.