பட்டியலில் இன்னும் என் பெயர்

கடந்த நவம்பர் 4-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. கலிஃபோர்னியாவில் எங்களுக்குச் சிறப்புத் தேர்தல். ஓட்டுச்சீட்டு ஒரு மாதம் முன்பே தபாலில் வந்துவிட்டது. நானும் கல்லூரியிலிருந்து வந்திருந்த மகளும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிரப்பி, உறையில் கையெழுத்துப் போட்டு, நூலகத்து வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் காபி குடித்தோம். ஜனநாயகக் கடமை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அதே நவம்பர் 4-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. எல்லோர் வாயிலும் எஸ்.ஐ.ஆர். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் வேலை. திமுக எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது, அதிமுக ஆதரித்தது. தொலைக்காட்சி விவாதங்களை இங்கிருந்து யூடியூபில் பார்த்து நானும் ஆளுக்கு முன்னால் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் படிவம் என் பெயரிலேயே வீட்டுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஞாயிறு ராத்திரி கும்பகோணத்திலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அங்கே திங்கட்கிழமை காலை.

"பி.எல்.ஓ. வந்துட்டுப் போச்சுடா. நம்ம அங்கன்வாடில வேலை பாக்குற பொண்ணுதான். மூணு பேருக்கும் ஃபார்ம் குடுத்துருக்கு. எனக்கு, அப்பாவுக்கு, உனக்கு."

அப்பா இறந்தது 2021-இல். நான் அமெரிக்கக் குடிமகன் ஆனது 2018-இல். ஆனால் பட்டியலில் நாங்கள் மூன்று பேரும் அதே வீட்டு எண்ணில் குடியிருந்து கொண்டிருந்தோம். அம்மா படிவங்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். அப்பாவின் படம், பழைய வாக்காளர் அட்டையில் இருந்த அதே மங்கலான முகம். என் படத்தில் எனக்கு இன்னும் தலைமுடி இருந்தது.

"உன்னுதுல நானே கையெழுத்துப் போட்டுடறேன். வீட்ல பெரியவங்க யாராவது போடலாமாம்."

"வேண்டாம்மா. நான் அந்த ஊர்க் குடிமகன் இல்லை. பேரு இருக்கவே கூடாது."

"நீ வந்து ஓட்டா போடப்போறே? பேரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேன்னு சொன்னேன்."

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி இந்தியக் குடிமகன் அல்லாதவர் பட்டியலில் இருக்க முடியாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் கதை வேறு. 2011 முதல் அவர்கள் 6ஏ படிவம் கொடுத்துச் சொந்த ஊர்ப் பட்டியலில் சேரலாம். ஆனால் நேரில் போய், பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட முடியும். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு விசா இல்லாமல் ஊருக்குப் போய்வரலாம், வீடு வாங்கலாம். வயல் வாங்க முடியாது. ஓட்டும் கிடையாது.

நான் செய்த தப்பு, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து 'ரத்து' முத்திரையோடு திரும்ப வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தது. பாஸ்போர்ட் ஒரு இலாகா, வாக்காளர் பட்டியல் இன்னொன்று. பெயரை நீக்க 7-ஆம் எண் படிவம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. 'சர்கார்' படம் வந்த வருஷமும் அதேதான். தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று கொதித்தெழும் வெளிநாட்டுத் தமிழனாக விஜய் நடித்திருந்தார். '49-பி' என்ற விதி நம் மக்களுக்குத் தெரிந்ததே அந்தப் படத்தால்தான். நான் இங்கே தியேட்டரில் கைதட்டினேன். அப்போது என் பெயரில் ஓர் ஓட்டு கும்பகோணத்தில் அநாதையாகக் கிடந்தது!

இரண்டு நாடுகளிலும் பட்டியல் உருவாகும் விதமே வேறு. இந்தியாவில் அரசாங்கம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். அமெரிக்காவில் பொதுவாக நீங்கள்தான் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். 1993-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கார் லைசென்ஸ் வாங்கும்போதே பதியலாம் என்று ஆனது. ஓக்லாந்தில் ஒரு பழைய தியேட்டரில் நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்து வெளியே வந்தபோது, வாசலிலேயே மேஜை போட்டு வாக்காளர் பதிவு நடந்துகொண்டிருந்தது. அஞ்சு நிமிஷம். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப இங்க உனக்கு ஓட்டு இல்லைன்னு ஆயிடுச்சா?"

"இல்லைப்பா."

"சரி" என்று அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை அவருக்குத் தப்பாது. ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். இரண்டு நாள் கழித்து அரக்கு வாசனையோடு திரும்புவார். "செத்தவன் ஓட்டுப் போடக்கூடாது, இருக்கிறவன் ஓட்டு விடுபடக்கூடாது, அவ்வளவுதான் தேர்தல்" என்பார். ஒருமுறை சொந்த சித்தப்பா பையனையே அடையாளம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர். அந்தக் குடும்பம் நாலு வருஷம் எங்களோடு பேசவில்லை.

பட்டியல் என்றதும் பெண்கள் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பெயர் எழுதப் போனபோது, வடமாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்றே சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே போனார்கள். அடுத்த தேர்தலில் பெயர் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம்.

இப்போது அம்மாவுக்கு வந்த சிக்கலும் பெயரால்தான். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் இருந்த விவரத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். அதில் அவள் 'லெட்சுமி', இப்போதைய அட்டையில் 'லட்சுமி'. தஞ்சாவூர்ப் பக்கம் இது சகஜம். ஆனால் எழுபத்தெட்டு வயதில் 'நான்தான் அவள்' என்று நிரூபிப்பது சகஜமில்லை. மூன்று ராத்திரி நானும் மகளும் பழைய பட்டியலின் பக்கங்களைக் கணினியில் புரட்டி, அவள் இருந்த வரிசை எண்ணைக் கண்டுபிடித்தோம். மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அவள்தான் முதலில் பார்த்தாள்: "அப்பா, பாட்டி! தாத்தா பக்கத்துலயே இருக்காங்க."

இதைப் பார்த்து, 'இந்தியாவில்தான் இப்படி' என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். வாக்காளராகப் பதிய பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் மாதிரி குடியுரிமை ஆவணம் காட்ட வேண்டும் என்ற மசோதாவை அமெரிக்கக் கீழவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது, செனட்டில் நிற்கிறது. கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட பெண்களின் பிறப்புச் சான்றிதழும் இன்றைய பெயரும் ஒத்துப்போகாதே என்பது இங்கே எழுந்த முக்கியமான கேள்வி. லெட்சுமி, லட்சுமி பிரச்சினைக்கு அட்லாண்டிக்கின் இரு கரையிலும் கிளை இருக்கிறது.

நாங்கள் அன்று போட்ட ஓட்டு எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் குடியரசுக் கட்சி தொகுதி வரைபடத்தைத் தனக்குச் சாதகமாக மாற்றியதற்குப் பதிலடியாக, கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக எல்லையை மாற்றும் 50-ஆம் எண் தீர்மானம். சுமார் 64 சதவீதம் பேர் ஆதரித்து அது ஜெயித்தது. நான் 'ஆம்' என்று போட்டேன். மகள் 'இல்லை'. "அவங்க தப்பு பண்ணா நாமளும் பண்ணலாமா?" என்றாள். பதில் சொல்லப் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இல்லை. ஏனென்றால், தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டுக்காகக் கொதிப்பவன் நான். 1962-இல் நமக்கு மக்களவையில் 41 இடம். 1967 முதல் 39. மாநிலங்களுக்கான எண்ணிக்கை 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு அதுவே தண்டனையாகுமோ என்ற பயம் நியாயமானது என்று பக்கம் பக்கமாகப் பேசுவேன். அங்கே கோடு நேர்மையாக இருக்க வேண்டும், இங்கே நம்ம கட்சிக்குச் சாதகமாக வளையலாம் என்றால் அது என்ன நியாயம்? பத்தொன்பது வயதுப் பெண் கேட்கிறாள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போவது என்றால் என்ன என்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே ஒரு கதை உண்டு. வைஷ்ணோ தாஸ் பாகாய் சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்தவர், அமெரிக்கக் குடிமகன். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்தும் குடியுரிமை பறிக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியப் பிரஜை என்ற நிலையை விட்டு வந்த பாகாய்க்கு இப்போது எந்த நாடும் இல்லை. 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 1946-இல். பத்தே வருஷத்தில், 1956-இல், தலிப் சிங் சௌந்த் கலிஃபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்கு பாகாயின் மனைவி காலாவின் பெயர். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், தியேட்டர் வாசலில் நான் அஞ்சு நிமிஷத்தில் போட்ட கையெழுத்து ஞாபகம் வரும்.

படிவம் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் அம்மா மறுபடி கூப்பிட்டாள். அப்பாவின் இறப்புச் சான்றிதழைத் தேடப் போய், அவருடைய ஃபைலில் வேறு ஒரு தாள் கிடைத்திருக்கிறது.

"இது என்னன்னு பாரு. அப்பா எழுத்து."

7-ஆம் எண் படிவம். என் பெயர், வாக்காளர் அட்டை எண், வீட்டு எண் எல்லாம் அந்தக் குண்டு குண்டான கையெழுத்தில். நீக்கக் காரணம் என்ற இடத்தில் 'இந்தியக் குடிமகன் அல்லர்' என்பதற்கு நேரே டிக். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி.

சித்தப்பா பையனைத் திருப்பி அனுப்பியவர். மூன்று வருஷம் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாதான், "அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லணும், சொல்லு" என்றாள். சொன்னேன். மறுநாள் அப்பா 'இறந்தவர்', நான் 'நிரந்தரமாக இடம் பெயர்ந்தவர்' என்று எழுதிக்கொண்டு போனாளாம்.

டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கம். அதில் எத்தனை அப்பாக்கள், எத்தனை என்னைப் போன்றவர்கள், எத்தனை பேர் உண்மையிலேயே வீட்டில் இருந்தும் விடுபட்டவர்கள் என்பதுதான் இனி பார்க்க வேண்டியது. கடைசி வகையில் ஒருவர் இருந்தாலும் அது அப்பா சொன்ன தேர்தல் அல்ல. இதைப் படிக்கிறவர்கள் ஊரில் இருக்கும் பெரியவர்களின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் 6-ஆம் எண் படிவம். குடியுரிமை மாறியவர்கள் உங்கள் பெயரையும் பாருங்கள்.

நான் பார்த்தேன். எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே இப்போது ஒரே ஒரு பெயர். அம்மாவிடம் சொன்னேன்.

"லெட்சுமின்னா போட்டிருக்கு, லட்சுமின்னா?" என்று கேட்டாள்.

"லட்சுமிம்மா."

"சரி போ. உனக்கு அங்க பேரு சரியா இருக்குல்ல? பாத்துக்க."